கேள்வி முதலில், கட்டம் பிறகு

தமிழ்நாட்டில் ஒரு குழந்தை பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே அதன் பெயரில் ஒரு வரைபடம் தயாராகிவிடுகிறது. அங்கன்வாடியில் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் அந்த மாதத்துக்கு நேரே ஒரு புள்ளி வைக்கிறார்கள். புள்ளி பச்சைப் பகுதியில் விழுந்தால் கவலையில்லை. மஞ்சளுக்கு இறங்கினால் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும். ஆரஞ்சுக்குப் போய்விட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தால் இன்னொன்றும் தெரியும்: பச்சையிலேயே இருந்தாலும், கோடு ஏறாமல் இரண்டு மூன்று மாதம் படுத்துக் கிடந்தால் ஏதோ சரியில்லை. இந்த மாதம் எத்தனை கிலோ என்பதைவிட, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் அந்த அட்டை சொல்லும் சேதி. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975-இல். அரை நூற்றாண்டாகிவிட்டது. ஆனாலும் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் பெற்றோரிடம் கேட்டால் கிலோக் கணக்குதான் வரும். கோட்டைப் பற்றிப் பேச்சு வருவது அபூர்வம். அவர்களும் பள்ளிக்கூடத்தில் வரைபடம் போட்டு மதிப்பெண் வாங்கியவர்கள்தான்.

வரைபடம் நம் பள்ளிகளில் இல்லாத பாடமல்ல. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தொடக்க வகுப்புக் கணக்கிலேயே ‘தகவல் செயலாக்கம்’ என்று ஓர் அலகு இருக்கிறது. பொருள்களை வகை பிரிப்பது, நேர்க்கோட்டுக் குறி போட்டு எண்ணுவது, பட விளக்கப்படம், பட்டை வரைபடம் என்று வகுப்புக்கு வகுப்பு அது வளர்கிறது. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்குப் பிறகு வந்த என்.சி.இ.ஆர்.டி. கணக்குப் புத்தகங்களும் 3, 4, 5 வகுப்புகளில் இதற்குத் தனிப் பாடம் ஒதுக்கின. ஆகவே பாடத்திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. கோளாறு, பாடம் நடக்கிற வரிசையில் இருக்கிறது. அந்த அலகு பெரும்பாலும் புத்தகத்தின் பின்பக்கங்களில் உட்கார்ந்திருக்கும். தேர்வு நெருங்கும்போது அதற்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பாடவேளை. அட்டவணையும் ஆயத்தமாக இருக்கும்: ஆப்பிள் 8, வாழைப்பழம் 5, திராட்சை 3. குழந்தை கட்டத்துக்கு வண்ணம் தீட்டும். ‘எந்தப் பழம் அதிகம்?’ என்பது கேள்வி. ‘ஆப்பிள்’ என்பது விடை. அந்த விடை அட்டவணையிலேயே இருக்கிறதே, பட்டை எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டால் ஆசிரியரிடம் பதில் இருக்காது. யார் எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள் என்பதும் வகுப்பில் யாருக்கும் தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்கு வரைபடம் கற்றுக்கொடுப்பது ஒரு கேள்வியில் தொடங்கி, அளப்பதிலும் எண்ணுவதிலும் நடந்து, கடைசியில்தான் கட்டத்தாளுக்கு வர வேண்டும். தலைகீழாக நடத்தினால் பிள்ளை வரையப் பழகும், வாசிக்கப் பழகாது.

இது வெறும் கருத்தல்ல. அமெரிக்கக் கல்வியாளர் பிரான்சிஸ் கர்சியோ 4-ஆம் வகுப்பு, 7-ஆம் வகுப்பு மாணவர்கள் வரைபடங்களை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1987-இல் எழுதினார். வாசிப்பை அவர் மூன்று படியாகப் பிரித்தார். முதல் படி, படத்தில் உள்ளதை அப்படியே எடுத்துச் சொல்வது: செவ்வாய்க்கிழமை எவ்வளவு மழை? இரண்டாவது, ஒன்றோடொன்றை ஒப்பிட்டுச் சொல்வது: திங்களைவிடச் செவ்வாய் எவ்வளவு கூடுதல்? மூன்றாவது, படத்தைத் தாண்டிச் சொல்வது: இப்படியே போனால் அடுத்த வாரம் குளம் நிரம்புமா? எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்? வரைபடம் எதைப் பற்றியது என்று பிள்ளைக்கு முன்பே தெரிந்திருப்பது புரிதலுக்குக் கைகொடுக்கிறது என்று கண்ட அவர், பிள்ளைகளே நிஜத் தகவலைத் திரட்டி எளிய வரைபடங்களை உருவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். நம் வகுப்புக் கேள்விகள் பெரும்பாலும் முதல் படியிலும், கொஞ்சம் இரண்டாவதிலும் நின்றுவிடுகின்றன. அங்கன்வாடி அட்டை கேட்பதோ மூன்றாவது படியை.

வரலாறும் இதற்குச் சாட்சி. பட்டை வரைபடத்தை அச்சில் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர். 1786-இல் வெளியான வணிக, அரசியல் வரைபடத் தொகுப்பில், நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதியை ஆண்டுவாரியாகக் கோடாக இழுத்துக் காட்டினார். ஸ்காட்லாந்தின் முறை வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரே ஓர் ஆண்டின் கணக்கு. ஆண்டுகள் இல்லாமல் கோடு எப்படி இழுப்பது? 17 நாடுகளோடு நடந்த வணிகத்தை 17 ஜோடிப் பட்டைகளாகப் போட்டுவிட்டார். கையிலிருந்த தகவலும் கேட்க நினைத்த கேள்வியும் சேர்ந்துதான் படத்தின் வடிவத்தைத் தீர்மானித்தன. நம் வகுப்பிலோ ‘பட்டை வரைபடம் வரைக’ என்று வடிவத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கட்டத்தாளுக்கு முன்னால் என்ன இருக்கிறது? தரை இருக்கிறது, பொருள் இருக்கிறது. 1-ஆம், 2-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையும் தீப்பெட்டியும் போதும். மாங்காய், கொய்யா, நெல்லிக்காய் என்று மூன்று குவியலைக் கொடுத்து வரிசையாக அடுக்கச் சொன்னால் நல்ல சிக்கல் ஒன்று தானாக வரும். 6 மாங்காய் அடுக்கிய வரிசை, 10 நெல்லிக்காய் அடுக்கிய வரிசையைவிட நீளமாகப் போய்விடும். ‘எது அதிகம்?’ என்றால் பாதிப் பிள்ளைகள் மாங்காய் என்று நீளத்தைச் சொல்லும். எண்ணிப் பார்த்த பிள்ளைகள் நெல்லிக்காய் என்று சண்டைக்கு வரும். சண்டை நடக்க விட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் கொடுத்தால்தான் நீளத்தை நம்பலாம் என்ற முடிவுக்கு அவர்களே வந்து சேர்வார்கள். ஒவ்வொரு காயையும் ஒரு தீப்பெட்டி மேல் வைத்து அடுக்கினால் வழக்கு தீர்ந்தது. 1920-களில் வியன்னாவில் ஆட்டோ நியூராத் சாதாரண மக்களுக்காகப் புள்ளிவிவரங்களைப் படமாக்கியபோது வகுத்துக்கொண்ட விதியும் இதே குடும்பந்தான்: அளவு கூடினால் படத்தைப் பெரிதாக்காதே, அதே அளவுப் படத்தை இன்னும் சில தடவை போடு. எண்ணிக்கைக்கு நேர்க்கோட்டுக் குறி போடுவதும் இங்கே அன்னியமான வித்தை அல்ல. பால் வாங்கிய கணக்குக்கு அடுக்களைச் சுவரில் கோடு இழுத்துவைத்த வீடுகள் எத்தனையோ. நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவதைப் போட்டுக் கட்டினால், எண்ணுவது ஐந்தைந்தாகச் சுருங்கும் என்பது மட்டும்தான் பள்ளிக்கூடம் சேர்க்கிற புதுமை.

அடுத்த நிலைக்கு நெல்லை மாவட்டம் வள்ளியூர்ப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேற்கே மகேந்திரகிரி மலை. தென்மேற்குப் பருவத்தில் மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் விழ, இந்தப் பக்கத்துக்குக் காற்றும் எப்போதாவது சாரலும் வரும். நம்பி இருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தை. மழை வருமா, எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது வீட்டில் பெரியவர்கள் தினமும் பேசுகிற பேச்சு. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. கருவியும் செலவில்லாதது. இடுப்பு ஒடுங்காத, பக்கம் நேராக இருக்கிற 2 லிட்டர் குளிர்பான பாட்டிலை எடுத்து, கழுத்துச் சரிவு தொடங்கும் இடத்தில் வெட்டி, வெட்டிய மேல்பாகத்தைக் கவிழ்த்துப் புனலாகச் செருக வேண்டும். பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்கும். சரளைக் கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டால் அதுதான் பூஜ்யம். மரத்தடியும் கூரை ஓரமும் ஆகாது. திறந்த வெளியில், காற்றுக்குச் சாயாமல் செங்கல் அண்டை கொடுத்து வைக்க வேண்டும். வானிலைத் துறை மழையைக் கணக்கெடுப்பது தினமும் காலை 8:30 மணிக்கு. பள்ளியும் அதையொட்டி ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு, தினமும் அதே நேரத்தில் பார்த்துவிட்டுப் பூஜ்யக் கோடுவரை தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும்.

இதில் அழகு என்னவென்றால், வாய்க்கும் உடலுக்கும் ஒரே அகலம் உள்ள பாத்திரத்தில் தேங்கிய தண்ணீரின் உயரமே மழையளவு. வகுத்தல் வேண்டாம், வாய்பாடு வேண்டாம். அளவுகோலில் மில்லிமீட்டர் பார்க்கத் தெரியாத 2-ஆம் வகுப்புப் பிள்ளைகூட ஒரு நீலத்தாள் துண்டைப் பாட்டிலோடு ஒட்டிப் பிடித்து, பூஜ்யத்திலிருந்து தண்ணீர் மட்டம்வரை வெட்டிவிடலாம். அந்தத் துண்டை வகுப்புச் சுவரில் தொங்கும் நீளத்தாளில், அன்றைய தேதிக்கு மேலே, அடிக்கோட்டில் நிறுத்தி ஒட்டினால் பட்டை வரைபடத்தின் முதல் பட்டை நின்றுவிட்டது. யாரும் அதற்குப் பெயர் சொல்லவில்லை, கட்டம் போடவில்லை. பட்டையின் உயரம் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு இனி விளக்கவும் வேண்டாம். நேற்றுப் பாட்டிலில் நின்ற தண்ணீர்தான் இன்று தாளில் நிற்கிறது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சிக்கல் வரும். “டீச்சர், நேத்து மழையே இல்லையே, அப்ப எதை ஒட்ட?” பெரும்பாலான பிள்ளைகள் மழை பெய்யாத நாளை விட்டுவிட்டு, அடுத்த மழைத் துண்டை முந்தைய துண்டின் பக்கத்திலேயே ஒட்டப் பார்ப்பார்கள். விட்டுப் பிடிக்கலாம். ஒரு வாரம் அப்படியே ஒட்டவிட்டு, ‘இந்தப் படத்தை மட்டும் பார்க்கிற ஒருவர் நம் ஊரில் எப்படி மழை பெய்தது என்று நினைப்பார்?’ என்று கேட்டால், தினமும் மழை என்றல்லவா நினைப்பார் என்று வகுப்பு விழித்துக்கொள்ளும். வெற்று இடத்துக்கும் படத்தில் இடம் விட வேண்டும் என்பது அப்போது பிடிபடும். அடுத்து சனி, ஞாயிறு. பள்ளி விடுமுறை, யாரும் பாட்டிலைப் பார்க்கவில்லை. திங்கள் காலையில் இருக்கும் தண்ணீர் மூன்று நாள் தண்ணீர். அதைத் திங்கள் கணக்கில் ஒட்டலாமா? மூன்றாக வெட்டிப் பிரிக்கலாமா? பிரித்தால் அது நடந்ததாகுமா, நாம் நினைத்துக்கொண்டதாகுமா? மழை பெய்யவில்லை என்பதும் நாம் அளக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. கல்லூரியில் புள்ளியியல் படித்தவர்கள்கூடச் சறுக்குகிற இடம் இது. 9 வயதுப் பிள்ளை ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு இங்கே வந்து நிற்கிறது. விடுமுறை நாள்களுக்கு வேறு நிறத்தாள் ஒட்டலாம் என்றோ, பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றோ வகுப்பு தீர்மானிக்கட்டும். எந்த முடிவானாலும் படத்தின் அடியில் அதை எழுதிவைக்கச் சொல்ல வேண்டும்.

அளவுத்திட்டமும் இப்படித்தான் தேவையிலிருந்து வரும். ‘1 செ.மீ. = 10 அலகுகள்’ என்று கரும்பலகையில் எழுதினால் அது இன்னொரு விதி, மறந்துபோகிற விதி. தாளின் உயரம் போதாமல் ஒரு பட்டை வெளியே நீளும்போது, எல்லாப் பட்டையையும் பாதியாகக் குறைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டே தீருவார். ஒன்றை மட்டும் குறைத்தால் ஏன் ஆகாது என்பதும் அங்கேயே பேசி முடியும். இதற்குத் தென்மாவட்டங்களில் மறக்க முடியாத சான்று ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலை 8:30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது சுமார் 95 செ.மீ. தூத்துக்குடி கடற்கரைப் பகுதியில் சராசரியாக ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். தாமிரபரணிக் கரையெங்கும் அன்று நடந்ததைப் பிள்ளைகளின் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். ‘95 செ.மீ.’ என்பது வாயால் சொன்னால் ஓர் எண். வகுப்புச் சுவரில் தரையிலிருந்து 95 செ.மீ. அளந்து நீலத்தாளை ஒட்டி, 3-ஆம் வகுப்புப் பிள்ளையை அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னால் பட்டை அதன் மார்பளவுக்கு வரும். ஒரு நாள் மழை இது. பக்கத்திலேயே தங்கள் பாட்டிலில் கண்ட மிகப் பெரிய மழையை ஒட்டினால், அளவைக் குறைக்காமல் வரைவது எதற்கு நல்லது, குறைத்து வரைவது எதற்கு நல்லது என்ற பேச்சு தானாகத் தொடங்கும்.

5-ஆம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்கு நாளிதழே பாடப்புத்தகம். நெல்லைப் பதிப்புகளில் அணைகளின் நீர்மட்டம் அடிக்கணக்கில் வருகிறது. முழுக் கொள்ளளவின்போது பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த மூன்றையும் பட்டையாக வரைந்தால் சேர்வலாறு நெடிதுயர்ந்து நிற்கும், மணிமுத்தாறு குட்டையாக இருக்கும். அப்படியானால் சேர்வலாற்றில்தான் தண்ணீர் அதிகமா? பாபநாசம், மணிமுத்தாறு இரண்டும் தலா சுமார் 5,500 மில்லியன் கனஅடி பிடிக்கும். சேர்வலாறு அதில் கால்பங்குகூடப் பிடிக்காது. ஒடுக்கமான இடுக்கில் தேங்கும் தண்ணீர் உயரம் காட்டும். அகலமான பள்ளத்தில் தேங்குவது உயரம் காட்டாது. பட்டையில் தப்பில்லை, எண்ணில் தப்பில்லை. அந்த எண் எதை அளக்கிறது என்று கேட்காமல் விட்டதுதான் தப்பு. மில்லியன் கனஅடி 10 வயதுக்கு எட்டாது என்பது சரிதான். ஒரு சொம்புத் தண்ணீரை ஒல்லி டம்ளரிலும் அகலக் கிண்ணத்திலும் ஊற்றிக் காட்டினால் எட்டிவிடும்.

காற்றாலைகளை எண்ணுவதிலும் இதே பயன் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி முப்பந்தல், பணகுடி வட்டாரத்தில் ஏராளமான காற்றாலைகள் நிற்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற 10 காற்றாலைகளைக் குறித்துவைத்துக்கொண்டு, தினமும் காலையில் எத்தனை சுற்றுகின்றன என்று ஜூன் முதல் எண்ணலாம். ஒரு நாள் பட்டை சட்டென்று குட்டையானால் காற்று இல்லை என்று பிள்ளைகள் முடிவுகட்டுவார்கள். பழுது பார்ப்பதற்காக நிறுத்தியிருக்கலாம். மின்கட்டமைப்பில் வாங்கிக்கொள்ள இடமில்லாததாலும் நிறுத்தச் சொல்வதுண்டு. எத்தனை நின்றன என்று படம் சொல்லும், ஏன் நின்றன என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள யாரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எதை எண்ணலாம் என்பதோடு எதை எண்ணக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வகுப்பில் தகவல் திரட்டுவது என்றதும் எளிதாக வாயில் வருவது ‘யார் வீட்டில் என்ன இருக்கிறது’ என்ற கேள்வி. வண்டி இருக்கிற வீடு, ஓட்டு வீடு, அப்பா என்ன வேலை, எந்தத் தெரு. இவை பிள்ளைகளை வகுப்புக்குள்ளேயே கூறு போடுகிற கணக்குகள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அது அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணிவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் தூரமில்லை. வண்ணமே அடையாளமாகிவிட்ட ஒரு வட்டாரத்தில், வண்ணம் தீட்டுகிற கணக்குப் பாடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்பதில் ஆசிரியருக்கு நிதானம் வேண்டும். மழை, காற்று, மரத்தடிக்கு வரும் பறவை, முளைவிட்ட பயற்றின் உயரம், பள்ளி வாசலைக் கடக்கும் வண்டிகள் என்று யாரையும் சுடாத கேள்விகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

கூட்டல் கழித்தலே சரியாக வராத பிள்ளைக்கு வரைபடம் ஓர் ஆடம்பரம் என்பார்கள். தள்ளிவிட முடியாத ஆட்சேபம் இது. கொரோனாக் கால இடைவெளியை ஈடுகட்டத்தான் 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே வந்தது. அடிப்படை எண்ணறிவுக்கே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் பாட்டிலும் நீலத்தாளும் எண்ணறிவுக்கு வெளியே நிற்கவில்லை. நேற்றைய துண்டையும் இன்றைய துண்டையும் பக்கத்தில் வைத்து ‘எவ்வளவு கூடுதல்’ என்று பார்ப்பது கழித்தல். வாரத்துத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பது கூட்டல். பூஜ்யத்தை ஒரு வெற்று இடமாகக் கண்ணால் பார்ப்பது எந்த வாய்பாட்டிலும் கிடைக்காது. பழைய திண்ணைப் பள்ளிகள் எண்சுவடியை மனப்பாடமாக ஏற்றி, கேட்ட மாத்திரத்தில் கணக்குச் சொல்லும் பிள்ளைகளை உருவாக்கின. வாய்பாட்டின் அருமையை யாரும் மறுக்கவில்லை. மனக்கணக்கு வரும் பிள்ளைக்கும், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் தனியாக வர வேண்டும்.

ஓராசிரியரோ ஈராசிரியரோ பல வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிற பள்ளியில் இதெல்லாம் நடக்குமா என்பது அடுத்த சந்தேகம். கலப்பு வகுப்புக்குத்தான் இது பொருந்தும் என்பது என் கணிப்பு. ‘எண்ணும் எழுத்தும்’ பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது. அரும்பு தாளை வெட்டட்டும், மொட்டு மில்லிமீட்டர் பார்த்து எழுதட்டும், மலர் போன வாரத்தோடு ஒப்பிட்டு இரண்டு வாக்கியம் எழுதட்டும். மூன்று நிலைக்கும் ஒரே மழை. நாளுக்கு ஐந்து நிமிட வேலை. ஆண்டுக் கடைசியில் இரண்டு பாடவேளையில் அடைத்துத் திணிப்பதைவிட இது ஆசிரியருக்கும் சுலபம். பிள்ளைகள் அளப்பது தப்பாக இருக்கும் என்று சொல்பவர்களுக்கு ஒரே பதில்தான்: இருக்கட்டும். இரண்டு குழு இரண்டு பாட்டில் வைத்து, ஒன்றில் 31 மில்லிமீட்டரும் மற்றதில் 27-ம் வந்தால், எது சரி என்பதைவிட ஏன் வேறுபட்டது என்பதே அன்றைய பாடம். ஒன்று வேப்பமரத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கும்.

கணினி நொடியில் வரைந்து தருகிறதே, கையால் எதற்கு என்பது படித்த பெற்றோர் கேட்கிற கேள்வி. வரைவது கணினிக்கு எளிதாகிவிட்டதால்தான் வாசிப்பது மனிதருக்கு அவசியமாகிவிட்டது. தேர்தல் கணிப்பு, தங்க விலை, பள்ளித் தேர்ச்சி விழுக்காடு என்று தினமும் கைபேசியில் பட்டைகள் வந்து விழுகின்றன. இரண்டு பள்ளிகள், ஒன்றில் 96 சதவீதத் தேர்ச்சி, மற்றதில் 98 என்று வைத்துக்கொள்வோம். அடிக்கோட்டைப் பூஜ்யத்தில் வைக்காமல் 95-இல் வைத்துவிட்டால் ஒரு பட்டை மற்றதைவிட 3 மடங்கு உயரமாக நிற்கும். எண் பொய் சொல்லவில்லை, படம் சொல்கிறது. தானே பூஜ்யக் கோடு போட்ட பிள்ளை, படத்தைப் பார்த்ததும் முதலில் அடிக்கோட்டைத்தான் பார்க்கும்.

தேர்வில் இதற்கு என்ன மதிப்பெண் என்று கேட்பவர்களையும் குறை சொல்ல வேண்டாம். 15 வயது மாணவர்களுக்கான பிசா சர்வதேசத் தேர்வின் 2009 சுற்றில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு பட்டியலின் கடைசி இடங்களுக்குப் போயின. அந்தத் தேர்வின் வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தினவா என்ற விவாதம் இருக்கட்டும். கவனிக்க வேண்டியது வேறு: அட்டவணையையும் வரைபடத்தையும் புரிந்துகொள்வதை அந்தத் தேர்வு கணக்கில் மட்டும் சேர்க்கவில்லை, மொழி வாசிப்பிலும் சேர்த்திருந்தது. பத்தியை வாசிப்பதுபோலவே படத்தையும் வாசிக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. நம் பள்ளிகளில் இதைக் கணக்கு ஆசிரியர் தலையில் மட்டும் கட்டிவிட்டோம். சுவரில் ஒட்டிய மழைப் படத்தைப் பற்றித் தமிழ்ப் பாடவேளையில் ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லலாம். ‘கூடியது, குறைந்தது, அப்படியே இருந்தது, திடீரென்று ஏறியது’ என்ற சொற்களைத் தேவையோடு பழகும் இடம் அதுதான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். வள்ளியூர், பணகுடி, களக்காடு, திசையன்விளைப் பக்கத்து ஆசிரியர்கள் அதற்குள் ஒரு பாட்டிலை வெட்டி வைத்துக்கொள்ளலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிற பெற்றோர், சுவரில் என்ன தொங்குகிறது என்று ஒரு பார்வை பாருங்கள். மழைப் படம் இருந்தால், ‘நல்லா வரைஞ்சிருக்கியே’ என்று தட்டிக்கொடுப்பதோடு நிறுத்தாமல், பிள்ளையைக் கூப்பிட்டு, ‘இந்த எடத்துல ஏன் ஒண்ணும் ஒட்டல?’ என்று கேளுங்கள்.